கட்டணமில்லா செயற்கைக்கோள் தொலைக்காட்சி: டிடி ஃப்ரீ டிஷ் இன்றும் பயனுள்ளதா?

கட்டணமில்லா செயற்கைக்கோள் தொலைக்காட்சி என்பது மாதச் சந்தா எதுவும் செலுத்தாமல், வீட்டில் பொருத்தப்பட்ட டிஷ் ஆன்டெனா வழியாகச் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாகப் பெறும் தொலைக்காட்சிச் சேவையாகும். இந்தியாவில் இதன் முதன்மையான வடிவம், பிரசார் பாரதி நடத்தும் டிடி ஃப்ரீ டிஷ் ஆகும். டிஷ், செட்டாப் பாக்ஸ், கம்பி ஆகியவற்றை ஒருமுறை வாங்கிப் பொருத்திவிட்டால் அதன் பிறகு எந்தக் கட்டணமும் இல்லை.

இணைய வழித் தொலைக்காட்சி பரவிவிட்ட காலத்தில் இச்சேவையை இனியும் அமைக்கலாமா என்ற கேள்வி பலருக்கு எழுகிறது. வட இந்தியாவில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட இந்திய இல்லங்களின் பெரும்பகுதி இதற்கு ஆம் என்று விடை சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் விடை அவ்வளவு எளிதல்ல. இங்கு டிஷ் நன்றாகவே வேலை செய்யும், செலவும் குறைவு. ஆனால் அதில் தமிழ் மிகக் குறைவாகவே வருகிறது. அதற்கான காரணங்களையும், அக்குறையை மீறி இச்சேவை எவ்விடத்தில் பயன்தரும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இயங்கும் முறை

தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள புவிநிலைச் சுற்றுப்பாதையில் நிறுத்தப்படுகின்றன. அவ்வுயரத்தில் ஒரு கோள் புவியைச் சுற்றிவர ஆகும் நேரமும் புவி தன்னைத்தானே சுற்ற ஆகும் நேரமும் ஒன்றாக இருக்கும். ஆகவே தரையிலிருந்து பார்க்கும்போது கோள் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் அமைகிறது. இதனால்தான் டிஷ்சை ஒருமுறை திருப்பி இறுக்கிவிட்டால் பிறகு அசைக்க வேண்டியதில்லை.

டிடி ஃப்ரீ டிஷ் சேவை, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் உள்ள ஜிசாட்-15 என்ற இந்தியச் செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பாகிறது. புது தில்லியின் தோடாபூரில் உள்ள புவி நிலையத்திலிருந்து நிகழ்ச்சிகள் கோளுக்கு அனுப்பப்படுகின்றன. கோள் அவற்றை வாங்கி, கேயூ பட்டை எனப்படும் அலைவெண் வரம்பில் நாடு முழுவதற்கும் திருப்பி அனுப்புகிறது. இந்தப் பட்டையில் அலைநீளம் குறைவு என்பதால் சுமார் 60 செ.மீ. அகலமுள்ள சிறிய டிஷ் போதுமானது. முன்பு வீட்டு மாடிகளிலும் கேபிள் நிலையங்களிலும் காணப்பட்ட பெரிய வலைக் கிண்ணங்கள் சி பட்டை என்ற வேறொரு வரம்புக்கானவை.

டிஷ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கருவி எல்என்பி எனப்படும். டிஷ் குவித்துத் தரும் மிக மெல்லிய அலையைப் பெருக்கி, கம்பியில் செல்லத்தக்க குறைந்த அலைவெண்ணாக மாற்றுவது இதன் வேலை. இதற்குத் தேவையான மின்சாரம் செட்டாப் பாக்ஸிலிருந்து அதே கம்பி வழியாகவே செல்கிறது. 13 வோல்ட் சென்றால் செங்குத்து அலைகளையும், 18 வோல்ட் சென்றால் கிடைமட்ட அலைகளையும் எல்என்பி தேர்ந்தெடுக்கும். ஒரு வீட்டில் இரண்டு தொலைக்காட்சிகளில் வெவ்வேறு அலைவரிசைகளைப் பார்க்க வேண்டுமெனில், கம்பியைச் சாதாரணமாகப் பிரித்துக் கொடுத்தால் போதாது; இரட்டை வாய் கொண்ட எல்என்பி தேவைப்படும்.

தோற்றமும் வளர்ச்சியும்

2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் 33 அலைவரிசைகளுடன் இச்சேவை தொடங்கப்பட்டது. தரைவழிக் கோபுரங்களின் ஒளிபரப்பு எட்டாத மலைப்பகுதிகளுக்கும் தொலைதூரச் சிற்றூர்களுக்கும் தூர்தர்ஷனைக் கொண்டு சேர்ப்பதே அப்போதைய நோக்கம். பின்னர் இது டிடி ஃப்ரீ டிஷ் எனப் பெயர் மாறியது. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன்-5 ஏவூர்தி மூலம் ஜிசாட்-15 விண்ணில் செலுத்தப்பட்டது. அதன் 24 கேயூ பட்டை டிரான்ஸ்பாண்டர்கள் 93.5 பாகை இடத்தில் கூடுதல் அலைவரிசைகளுக்கு வழி செய்தன.

இதற்கிடையே தரைவழி ஒளிபரப்பு சுருங்கிவிட்டது. 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது முதல், மாடியில் அலுமினியக் குழாய் ஆன்டெனா வைத்துத் தூர்தர்ஷன் பார்ப்பது தமிழ்நாட்டு வழக்கமாக இருந்தது. அந்த அனலாக் ஒலி-ஒளிபரப்பிகள் படிப்படியாக நிறுத்தப்பட்டு, 2022-க்குள் ஒரு சிலவற்றைத் தவிர மற்றவை மூடப்பட்டன. ஆகவே இன்று கேபிள் இணைப்போ இணையமோ இல்லாத ஒரு சிற்றூர் வீட்டில் தொலைக்காட்சியைக் கட்டணமின்றிப் பார்க்க எஞ்சியிருக்கும் வழி செயற்கைக்கோள் டிஷ் மட்டுமே. முன்பு ஒரு துணை ஏற்பாடாகத் தொடங்கியது, இப்போது பொது ஒளிபரப்பின் முதன்மைப் பாதையாகிவிட்டது.

இலவசம் எப்படிச் சாத்தியமாகிறது

பார்ப்பவர் பணம் தராவிட்டாலும் ஒளிபரப்புக்குச் செலவு இருக்கவே செய்கிறது. அதன் ஒரு பகுதியை அரசும், பெரும்பகுதியைத் தனியார் அலைவரிசைகளும் ஏற்கின்றன. ஃப்ரீ டிஷ்சில் இடம்பெற விரும்பும் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதி நடத்தும் மின்னணு ஏலத்தில் இடங்களை எடுக்க வேண்டும். 2011 முதல் இந்த ஏல முறை நடைமுறையில் உள்ளது. அலைவரிசைகள் மொழி, நிகழ்ச்சி வகை ஆகியவற்றின் அடிப்படையில் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடிப்படை விலை வைக்கப்படுகிறது. இந்திப் பொழுதுபோக்கு அலைவரிசைகளுக்கான ஓர் ஆண்டு இடம் பத்து கோடி ரூபாய்க்கும் மேல் ஏலம் போவது வழக்கம்.

இவ்வளவு பணம் கொடுத்து இடம் பிடிக்கும் நிறுவனம் அதை விளம்பரத்தில் மீட்கிறது. கோடிக்கணக்கான இந்தி பேசும் வீடுகளில் ஃப்ரீ டிஷ் இருப்பதால் சோப்பு, தேயிலை, பற்பசை விற்போர் அந்த வீடுகளை அடைய விரும்புகின்றனர். பார்வையாளர் எண்ணிக்கை விளம்பரத்தைக் கொண்டுவருகிறது. விளம்பரப் பணம் அலைவரிசையைக் கொண்டுவருகிறது. அலைவரிசை மேலும் பார்வையாளர்களைக் கொண்டுவருகிறது.

இந்த ஏற்பாடு நிலையானதல்ல என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். 2019-இல் புதிய கட்டண விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தபோது ஸ்டார், ஜீ, சோனி, வயாகாம்18 ஆகிய பெரிய குழுமங்கள் தங்கள் இந்தி அலைவரிசைகளை ஃப்ரீ டிஷ்சிலிருந்து விலக்கிக்கொண்டன. பார்வையாளர் எண்ணிக்கை சரிந்ததால் 2020-இல் அவை திரும்பி வந்தன. 2022 ஏப்ரலில் மீண்டும் விலகின. ஏலக் காலம் முடியும்போது அலைவரிசைப் பட்டியல் மாறுவது இச்சேவையின் இயல்பு. இன்று தெரியும் ஓர் அலைவரிசை அடுத்த ஆண்டும் தெரியும் என்று எவரும் உறுதி தர இயலாது.

தமிழ் அலைவரிசைகள் குறைவாக இருப்பதன் காரணம்

ஃப்ரீ டிஷ்சில் நிலையாகக் கிடைக்கும் தமிழ் அலைவரிசை டிடி தமிழ் ஆகும். பொதிகை என்று அறியப்பட்ட இந்த அலைவரிசை 2024 ஜனவரியில் புதிய பெயருடன் புதுப்பிக்கப்பட்டது. தமிழர் வீடுகளில் அதிகம் பார்க்கப்படும் சன் டிவி, விஜய் டிவி, ஜீ தமிழ் போன்றவை கட்டண அலைவரிசைகள் என்பதால் அவை இதில் வருவதில்லை.

இதற்கு மூன்று காரணங்கள் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன.

முதலாவது, கோளின் பரப்பு. ஜிசாட்-15 அனுப்பும் அலை நாடு முழுவதும் விழுகிறது. இந்தி அலைவரிசை ஒன்றுக்கு அப்பரப்பின் பெரும்பகுதியில் பார்வையாளர்கள் உண்டு. தமிழ் அலைவரிசைக்கோ தென்கோடியில் மட்டுமே பார்வையாளர்கள் உள்ளனர். அடிப்படை விலை குறைவாக இருந்தாலும், கிடைக்கும் விளம்பர வருவாயோடு ஒப்பிட்டால் கணக்கு பெரும்பாலும் இடிக்கிறது.

இரண்டாவது, தமிழ்நாட்டில் கேபிள் தொலைக்காட்சி ஆழமாகவும் மலிவாகவும் வேரூன்றியது. 1993-இல் சன் டிவி தொடங்கியது முதல், தெருவுக்குத் தெரு கேபிள்காரர் என்ற அமைப்பு வளர்ந்தது. 2006 முதல் மாநில அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியது. 2007-இல் அரசு கேபிள் டிவி நிறுவனம் உருவாக்கப்பட்டு, 2011 செப்டம்பர் முதல் மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் சேவை அளிக்கப்பட்டது. எழுபது ரூபாய்க்கு எல்லாத் தமிழ் அலைவரிசைகளும் வீட்டுக்கு வந்தபோது, டிடி தமிழுக்காக மட்டும் ஒரு டிஷ் வாங்க வேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை.

மூன்றாவது, சந்தா வருவாய். தமிழ்ப் பொழுதுபோக்கு அலைவரிசைகள் கேபிள், டிடிஎச் இரண்டிலும் மாதந்தோறும் பணம் பெறுகின்றன. அதே அலைவரிசை இலவசமாகவும் கிடைத்தால் பணம் கொடுத்துப் பார்ப்போர் குறைவர். ஆகவே அவற்றுக்கு ஃப்ரீ டிஷ் வருவாய் தரும் இடமாக அன்றி, வருவாயைக் குறைக்கும் இடமாகவே தெரிகிறது.

முடிவில் இது ஒரு வட்டமாகிறது. தமிழ் அலைவரிசைகள் இல்லாததால் தமிழ்நாட்டில் டிஷ் வாங்குவோர் குறைவு. டிஷ் வைத்திருப்போர் குறைவாக இருப்பதால் தமிழ் அலைவரிசைகள் வருவதில்லை. வட இந்தியாவில் ஏழைக் குடும்பங்களுக்குக் கைகொடுத்த அதே சந்தைக் கணக்கு, தென்னிந்தியாவில் அதே நிலையில் உள்ள குடும்பங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. டிஷ்சின் விலை இரண்டு இடங்களிலும் ஒன்றே. அதன் வழியே கிடைக்கும் பொருள்தான் வேறு.

தமிழ்ப் பார்வையாளருக்குக் கிடைப்பவை

பொழுதுபோக்கைத் தள்ளிவைத்துப் பார்த்தால், இச்சேவையில் நான்கு பயன்கள் உள்ளன.

கல்வி: 2017-இல் 32 அலைவரிசைகளுடன் தொடங்கப்பட்ட 'ஸ்வயம் பிரபா' திட்டம் ஜிசாட்-15 வழியாகவே ஒளிபரப்பாகிறது. பின்னர் அதன் எண்ணிக்கை கூட்டப்பட்டது. பொறியியல், அறிவியல், கலை, வணிகவியல் பாடங்களுடன், ஐஐடி நுழைவுத் தேர்வுக்கான ஐஐடி-பால் விரிவுரைகளும் இதில் அடங்கும். பாடங்களை உருவாக்குவதில் ஐஐடி மெட்ராஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் பங்கேற்கின்றன. கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட 2020-இல், ஒன்று முதல் பன்னிரண்டு வரையான ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் அலைவரிசை என்ற 'பிஎம் இ-வித்யா' திட்டம் அறிவிக்கப்பட்டது. இவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அமைந்திருப்பது தமிழ்வழி மாணவர்களுக்குக் குறையே. கல்லூரி மாணவர்களுக்கும் ஆங்கிலவழி மாணவர்களுக்கும் இவை பயன்படும்.

விளையாட்டு: நாட்டுக்கு முக்கியமானவை என அரசு அறிவிக்கும் விளையாட்டுப் போட்டிகளின் நேரடிக் காட்சியை, உரிமை பெற்ற தனியார் நிறுவனம் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஒலிம்பிக், ஆசியப் போட்டிகள், இந்திய அணி ஆடும் குறிப்பிட்ட கிரிக்கெட் ஆட்டங்கள் போன்றவை இதில் வருகின்றன. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அவ்வாறு பகிரப்படும் காட்சியைப் பிரசார் பாரதி தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் சொந்த டிடிஎச் சேவையிலும் மட்டுமே காட்டலாம் என்று தீர்ப்பளித்தது. தனியார் கேபிள், டிடிஎச் நிறுவனங்கள் வழியே அக்காட்சி செல்லக் கூடாது. இதன் விளைவாக, சில ஆட்டங்கள் ஃப்ரீ டிஷ் உள்ள வீட்டில் கட்டணமின்றித் தெரியும். அதே தூர்தர்ஷன் அலைவரிசை பக்கத்து வீட்டுக் கேபிளில் வந்தாலும் அந்த ஆட்டம் அதில் தெரியாது. ஐபிஎல் போட்டிகள் இந்த ஏற்பாட்டில் அடங்கமாட்டா.

வானொலி: நாற்பதுக்கும் மேற்பட்ட அகில இந்திய வானொலி நிலையங்கள் இதே டிஷ்சில் கிடைக்கின்றன. தமிழ் வானொலியும் அவற்றுள் ஒன்று. மத்திய அலை வானொலியின் இரைச்சல் இதில் இல்லை.

செய்தியும் நாடாளுமன்ற நடவடிக்கைகளும்: டிடி தமிழின் செய்தி, வேளாண்மை நிகழ்ச்சிகள், டிடி நியூஸ், நாடாளுமன்ற அவைகளின் நேரடி ஒளிபரப்பைத் தரும் சன்சத் டிவி ஆகியவை கிடைக்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிப்போர் இவற்றைப் பயன்படுத்துவதுண்டு.

செலவு ஒப்பீடு

டிஷ், எல்என்பி, செட்டாப் பாக்ஸ், கம்பி, பொருத்துக் கூலி ஆகிய அனைத்தும் சேர்த்து ஏறத்தாழ 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் முடியும். கம்பியின் நீளமும் பாக்ஸின் வகையும் இதை மாற்றும்.

கேபிள், கட்டண டிடிஎச் ஆகியவற்றுக்கு 2019 முதல் 2024 வரை அடிப்படை வலையமைப்புக் கட்டணத்தின் உச்சவரம்பு மாதம் 130 ரூபாயாக இருந்தது. 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 153.40 ரூபாய், ஓர் ஆண்டுக்கு 1,840.80 ரூபாய். கட்டண அலைவரிசைகளின் விலை இதற்கு மேல் தனி. 2024 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இந்த உச்சவரம்பை நீக்கியது. இப்போது நிறுவனங்களே கட்டணத்தை முடிவு செய்கின்றன. இந்தக் கணக்கின்படி ஃப்ரீ டிஷ்சுக்குச் செய்யும் 2,000 ரூபாய்ச் செலவு ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஈடாகிவிடும்.

ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒரு குறை உண்டு. கேபிளுக்குக் கொடுக்கும் பணத்தில் சன், விஜய், ஜீ தமிழ் ஆகியவற்றைப் பார்க்க முடியும். ஃப்ரீ டிஷ்சில் முடியாது. டிஷ் வைத்த பிறகும் குடும்பத்தினர் கேபிளை நிறுத்த மறுத்தால், மிச்சம் எதுவும் இல்லை. 2,000 ரூபாய் கூடுதல் செலவே ஆகும். வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, கேபிளை நிறுத்தப் போகிறோமா என்பதே.

இணையத்துடனான ஒப்பீடு வேறு வகையானது. தமிழ்ச் செய்தி அலைவரிசைகள் பல யூடியூபில் நேரலையாகக் கட்டணமின்றி வருகின்றன. பிரசார் பாரதியும் 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற இணையச் செயலியைத் தொடங்கி, அதில் தூர்தர்ஷன் அலைவரிசைகளை அளிக்கிறது. அகலப்பட்டை இணைப்பு உள்ள வீட்டில் இவை அனைத்தும் டிஷ் இல்லாமலே கிடைக்கும். கைப்பேசித் தரவை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் நிலைமை வேறு. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஓடும் சாதாரணத் தரக் காட்சி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 900 மெகாபைட் எடுத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் திட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பார்த்தால் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும். பிள்ளையின் பாடத்துக்கும் அதே தரவுதான் தேவைப்படும். டிஷ்சில் நாள் முழுவதும் ஓடவிட்டாலும் செலவு மின்சாரத்துக்கு மட்டுமே.

பொருத்தும் முறை

தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும்போது ஜிசாட்-15 தென்கிழக்குத் திசையில், வானில் மிக உயரத்தில் உள்ளது. சில ஊர்களுக்கான தோராயக் கோணங்கள் வருமாறு. திசைக் கோணம் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கப்பட்டது.

சென்னை: திசை 134 பாகை, உயரம் 68 பாகை.
கோயம்புத்தூர்: திசை 123 பாகை, உயரம் 67 பாகை.
கன்னியாகுமரி: திசை 116 பாகை, உயரம் 69 பாகை.

கோள் இவ்வளவு உயரத்தில் இருப்பது தமிழ்நாட்டுக்குச் சாதகமாகும். எதிர் வீட்டுச் சுவரோ சற்றுத் தள்ளியுள்ள மரமோ எளிதில் மறைப்பதில்லை. ஆனால் டிஷ்சுக்கு நேர் மேலே கவிந்திருக்கும் தென்னை மட்டை அலையைத் தடுக்கும். வீட்டு டிஷ்கள் 'ஆஃப்செட்' வகையைச் சேர்ந்தவை. அலை முகத்துக்கு நேராக விழாமல் இருபது பாகைக்கும் மேல் சாய்வாக விழுந்து எல்என்பியில் குவியும். அதனால் 68 பாகை உயரத்தில் உள்ள கோளை நோக்கும் டிஷ், பார்ப்பதற்கு அதைவிடத் தாழ்வாக நோக்குவதுபோல் தோன்றும். இதை அறியாமல் டிஷ்சை வானை நோக்கி மல்லாத்துவது, புதிதாகப் பொருத்துவோர் பலரும் செய்யும் தவறாகும்.

செட்டாப் பாக்ஸின் திரையில் 'வலிமை', 'தரம்' என இரண்டு அளவுகள் தெரியும். வலிமை என்பது கம்பியும் எல்என்பியும் சரியாக இணைந்துள்ளன என்பதையே காட்டும். டிஷ் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அது உயர்ந்தே இருக்கக்கூடும். கோளைப் பிடித்துவிட்டதற்கு அடையாளம் தரம் உயர்வதுதான். தர அளவு உச்சத்தை எட்டும்வரை டிஷ்சைச் சிறிது சிறிதாக நகர்த்தி, பிறகு போல்ட்களை இறுக்க வேண்டும்.

பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்-4 வகையா என்று பார்ப்பது மிகவும் அவசியம். ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பில் பழைய எம்பெக்-2 முறையும் புதிய எம்பெக்-4 முறையும் கலந்துள்ளன. எம்பெக்-2 பாக்ஸால் எம்பெக்-4 அலைவரிசைகளைக் காட்ட இயலாது. எம்பெக்-4 பாக்ஸ் இரண்டையும் காட்டும். வீட்டில் பழைய கட்டண டிடிஎச் டிஷ் கிடந்தால், அது துருப்பிடிக்காமலும் நெளியாமலும் இருக்குமானால் அதையே திருப்பிப் பயன்படுத்தலாம். பாக்ஸ் மட்டும் புதிதாகத் தேவைப்படும்.

'வாழ்நாள் முழுவதும் எல்லாத் தமிழ்ச் சேனலும் இலவசம்' என்று விற்கப்படும் பாக்ஸ்களைத் தவிர்ப்பது நல்லது. கட்டண அலைவரிசைகள் குறியாக்கம் செய்யப்பட்டவை. அவற்றை இணையம் வழியே திருட்டுத்தனமாகத் திறக்கும் ஏற்பாடு சட்டவிரோதமானது. எந்த நாளும் நின்றுபோகக்கூடியது.

மழையும் வெயிலும்

கேயூ பட்டை அலைகள் கனமழையில் வலுவிழக்கும். மழைத்துளியின் அளவும் அலையின் நீளமும் நெருங்கி வருவதால் துளிகள் அலையை உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கொட்டும் மழையின்போது சில நிமிடங்கள் படம் உறைவது இயல்பு. மழை தணிந்ததும் தானாகவே திரும்பிவிடும். கோள் உயரத்தில் இருப்பதால் அலை மழையினூடே கடக்கும் தொலைவு இங்கு வட இந்தியாவைவிடக் குறைவு.

புயல் எச்சரிக்கைக் காலத்தில் இக்குறையைக் கருத்தில் கொள்ள வேண்டும். காற்றில் டிஷ் திரும்பிவிடலாம், மின்சாரமும் இருக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைத் தாக்கியபோது மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. அத்தகைய நேரத்தில் பேட்டரியில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டிக்கு எந்தத் தொலைக்காட்சியும் ஈடாகாது.

மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள், காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடங்கள் படம் தடைபடலாம். அப்போது சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வருவதால் அதன் கதிர்வீச்சு டிஷ்சில் இரைச்சலாக விழுகிறது. இது பழுதல்ல.

யாருக்குப் பொருந்தும்

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால், தமிழ் நெடுந்தொடர்களையும் திரைப்படங்களையும் விரும்பும் குடும்பத்துக்கு ஃப்ரீ டிஷ் கேபிளுக்கு மாற்றாகாது. அகலப்பட்டை இணையமும் ஸ்மார்ட் தொலைக்காட்சியும் உள்ள வீட்டுக்கும், அறிவிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிகளைத் தவிர, புதிதாகக் கிடைப்பது குறைவு.

கேபிள் கம்பி எட்டாத மலைக் கிராமங்கள், தனித்த பண்ணை வீடுகள், கைப்பேசி அலை நிலையில்லாத இடங்கள் ஆகியவற்றுக்கு இது ஏற்றது. மாதக் கட்டணத்தை முறையாகக் கட்ட இயலாத முதியோர் தனித்து வாழும் வீட்டில், ரீசார்ஜ் முடிந்து படம் நின்றுபோவது என்ற கவலையே இதில் இல்லை. தமிழ்நாட்டில் பணிபுரியும் வடமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகளில் இதன் இந்தி, போஜ்புரி அலைவரிசைகள் முழுப் பயன் தரும். அரசுப் பள்ளிகள், நூலகங்கள், ஊராட்சி மன்றக் கட்டடங்கள் ஆகியவற்றில் ஒரே டிஷ் மூலம் கல்வி அலைவரிசைகளைப் பலருக்குக் காட்ட முடியும்.

இரண்டாவது வழியாகவும் இது உதவுகிறது. 2022 நவம்பரில் மென்பொருள் தொடர்பான சிக்கலால் அரசு கேபிள் சேவை இலட்சக்கணக்கான வீடுகளில் சில நாட்கள் தடைபட்டது. குறியாக்கம் செய்யப்பட்ட எந்தச் சேவையும் ஒரு மையக் கணினியின் அனுமதியை எதிர்பார்த்தே இயங்குகிறது. குறியாக்கமில்லாத ஒளிபரப்புக்கு அத்தகைய அனுமதி தேவையில்லை.

எதிர்காலம்

செயற்கைக்கோள் அலைவாங்கி உள்ளேயே பொருத்தப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான தரநிலையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 18112:2022 என்ற எண்ணில் வெளியிட்டுள்ளது. அத்தகைய பெட்டி பரவினால் தனிச் செட்டாப் பாக்ஸ் தேவைப்படாது. டிஷ்சும் கம்பியும் போதும். ஜிசாட்-15 கோளின் திட்டமிட்ட ஆயுள் 12 ஆண்டுகள். 2015-இல் ஏவப்பட்ட அதன் இடத்தை எதிர்காலத்தில் வேறொரு கோள் ஏற்க வேண்டும். புதிய கோள் அதே 93.5 பாகையில் நிறுத்தப்பட்டால் வீட்டு டிஷ்களைத் திருப்ப வேண்டியதில்லை.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இச்சேவையின் மதிப்பை முடிவு செய்யப்போவது கோளோ பாக்ஸோ அல்ல. ஏலத்தில் பிராந்திய மொழிகளுக்கு எவ்வளவு இடம் தரப்படுகிறது, கல்வி அலைவரிசைகளில் தமிழ்ப் பாடங்கள் எவ்வளவு சேர்க்கப்படுகின்றன, டிடி தமிழின் நிகழ்ச்சிகள் எவ்வளவு மேம்படுகின்றன என்பவையே அதை முடிவு செய்யும். அதுவரை, கேபிளும் இணையமும் எளிதில் கிடைக்கும் வீடுகளுக்கு இது ஒரு கூடுதல் வசதி. அவை எட்டாத வீடுகளுக்கு, குறைவான தமிழுடன் வந்தாலும், இதுவே தொலைக்காட்சி.